காது முந்தி, நாக்கு பிந்தி

கனடாவின் வான்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம். ஏழு மாதக் குழந்தை ஒன்று பெரியவர் மடியில் உட்கார்ந்திருக்கிறது. எதிரே ஒருவர் விளையாட்டுச் சாமானைக் காட்டி அதன் கவனத்தைப் பிடித்துவைத்திருக்கிறார். பக்கத்து ஒலிபெருக்கியில் 'த... த... த...' என்று ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருகிறது. சட்டென்று அது 'ட... ட...' என்று மாறுகிறது. மாறியதைக் கண்டுகொண்டு குழந்தை அந்தப் பக்கம் தலையைத் திருப்பினால் பெட்டிக்குள் விளக்கு எரியும். உள்ளே ஒரு பொம்மை விலங்கு ஆடும். ஒலி மாறாதபோது திருப்பினால் ஒன்றும் நடக்காது. மடியில் வைத்திருப்பவர் காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருப்பார். தன்னை அறியாமல் குழந்தைக்கு அவர் குறிப்புக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் இந்த முறையில் செய்த ஆய்வு 1984இல் வெளிவந்தது. குழந்தைகள் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குப் போட்டுக் காட்டிய ஒலிகள் இந்தியில் உள்ளவை. தமிழில் 'பத்து', 'பட்டு' என்ற சொற்களைப் பிரிப்பதும் ஏறக்குறைய அதே வேறுபாடுதான். ஒன்றில் நுனிநாக்கு பல்லைத் தொடுகிறது. மற்றதில் மடிந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. ஆங்கிலத்துக்கு இந்தப் பிரிவினை தேவையில்லை. ஆங்கிலம் மட்டுமே அறிந்த பெரியவர்களில் பலருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஆனால் 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் மாற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் மிகச் சிலரால்தான் அது முடிந்தது. இந்தி கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம், ஒரு வயதை நெருங்கியபோதும், அந்தத் திறன் அப்படியே இருந்தது.

முதல் சொல்லைச் சொல்லும் முன்பே குழந்தையின் காது ஒரு மொழிக்குப் பழகி முடித்துவிடுகிறது என்பதை இந்த ஆய்வு காட்டியது. உச்சரிப்பின் கதை வாயில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், 'ரயில்' என்பதை 'லயிலு' என்றும் 'சாப்பாடு' என்பதைத் 'தாப்பாது' என்றும் சொல்லும் இரண்டரை வயதுக் குழந்தையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். அது சரியாகக் கேட்காமல் பிழையாகச் சொல்கிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். கடந்த ஐம்பது, அறுபது ஆண்டு ஆய்வுகள் வேறொன்றைச் சொல்கின்றன: குழந்தை பெரும்பாலும் சரியாகத்தான் கேட்கிறது. சொல்ல முடியாத ஒலிக்கு மாற்றாக எதைச் சொல்வது என்பதிலும் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது.

காதின் பயிற்சி கருவிலேயே ஆரம்பம். ஆறு மாதம் கடந்த சிசுவுக்குக் கேட்கத் தொடங்குகிறது. வயிற்றுத் தசையையும் பனிக்குடநீரையும் தாண்டி வரும்போது மெய்யொலிகளின் கூர்மை மழுங்கிவிடும். தாயின் குரலில் உள்ள ஏற்ற இறக்கமும் தாளமும் நன்றாகவே போய்ச் சேரும். பிறந்த சில நாட்களிலேயே குழந்தை வேற்றுப் பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலை விரும்பிக் கேட்பதை அந்தோணி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் 1980இல் நிறுவினார்கள். 2009இல் கேத்லீன் வெர்ம்கே குழுவினர் பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத 30 பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகையையும் 30 ஜெர்மன் குழந்தைகளின் அழுகையையும் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை கீழிருந்து மேலே ஏறியது. ஜெர்மன் குழந்தைகளின் அழுகை மேலிருந்து கீழே இறங்கியது. அந்தந்த மொழிப் பேச்சின் இசைப்போக்கும் அப்படித்தான்.

ஒலிகளைப் பிரித்தறியும் திறனுக்கு முதல் உறுதியான சான்று 1971இல் கிடைத்தது. பீட்டர் ஐமாஸும் அவருடைய சகாக்களும் ஒரு மாதக் குழந்தைகளின் வாயில் சூப்பானைக் கொடுத்து, அவர்கள் சப்பும் வேகத்தை அளந்தார்கள். ஒரே ஒலி திரும்பத் திரும்பக் கேட்டால் குழந்தை சலித்துப்போய் மெதுவாகச் சப்பும். 'ப' என்ற ஒலி, பந்தைக் குறிக்கும் ஆங்கிலத்தின் 'பால்' போன்ற சொல்லில் அதிர்வோடு வரும் 'ப' ஆக மாறியதும் சப்பும் வேகம் கூடியது. பிறந்து நான்கு வாரமே ஆன குழந்தைக்கு அந்த நுண்ணிய வேறுபாடு பிடிபட்டிருக்கிறது.

இவ்வளவு கேட்டும் ஏன் உடனே சொல்ல முடிவதில்லை? வாய் இன்னும் பேச்சுக்குத் தயாராகவில்லை. பச்சைக் குழந்தையின் குரல்வளை கழுத்தில் மிக உயரத்தில் இருக்கிறது. நாக்கு கிட்டத்தட்ட வாய் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. பால் உறிஞ்சுவதற்கு அந்த அமைப்பு மிகப் பொருத்தம். ஒலிகளை வகைவகையாகப் பிரித்துச் சொல்வதற்கு இடம் போதாது. மாதங்கள் போகப்போகக் குரல்வளை கீழே இறங்கும், தாடை வளரும், நாக்குக்கு அசைய இடம் கிடைக்கும். வளர்ந்த ஆணின் குரல்வளையிலிருந்து உதடு வரையான பாதை ஏறத்தாழ 17 சென்டிமீட்டர்; பிறந்த குழந்தைக்கு அதில் பாதிதான். அதனால் அம்மாவோ அப்பாவோ எழுப்பும் ஒலியை அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொல்ல எந்தக் குழந்தையாலும் இயலாது. தன் சின்ன வாய்க்கு அதற்கு இணையான ஒலி எது என்று தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

தேடல் படிப்படியாக நடக்கிறது. இரண்டு, மூன்று மாதத்தில் 'ஊ', 'ங்ங்' என்ற கூவல். நாலைந்து மாதத்தில் கீச்சிடுவதும், உதட்டை அதிரவிட்டு எச்சில் தெறிக்க 'ப்ர்ர்ர்' என்பதும். ஆறிலிருந்து பத்து மாதத்துக்குள் திடீரென்று ஒருநாள் 'பபபபா', 'மமமமா', 'தததா' என்று அசைகள் வரிசையாக வரத் தொடங்கும். உயிரும் மெய்யும் சேர்ந்த இந்த அசைக்கோவைதான் பேச்சுக்கு அடித்தளம். தாடை மூடித் திறக்கும் இயல்பான அசைவுதான் இதன் இயந்திரம் என்கிறார் ஆய்வாளர் பீட்டர் மெக்நீலேஜ். தாடை ஏறி இறங்கும்போது உதடு மூடினால் 'ப'. மூக்கு வழி திறந்திருந்தால் 'ம'. நாக்கு சற்று முன்னால் இருந்தால் 'த'. நாக்கைத் தனியாக ஆள வேண்டிய தேவையே இல்லை. அம்மா, அப்பா, தாத்தா, பாப்பா, மாமா என்று வீட்டு மனிதர்களின் பெயர்களெல்லாம் இந்தச் சில ஒலிகளுக்குள்ளேயே அடங்கிவிடுவதற்கு இதுதான் காரணம். மொழியியலாளர் ரோமான் யாகப்சன் 1960இல் எழுதிய கட்டுரை, உலக மொழிகள் பலவற்றில் தாய் தந்தையைக் குறிக்கும் சொற்கள் ஒன்றுபோல ஒலிப்பதை இப்படித்தான் விளக்கியது.

வெறும் தாடைத் தசையின் வளர்ச்சி மட்டும் என்றால் காது கேளாத குழந்தைக்கும் அதே வயதில் 'பபபா' வர வேண்டும். வருவதில்லை. கிம்ப்ரோ ஆலரும் ரெபெக்கா ஐலர்ஸும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கும் குழந்தைகள் அனைவரும் 10 மாதத்துக்குள் அசைக்கோவையைத் தொடங்கிவிட்டார்கள். கேளாத குழந்தைகள் 11 மாதத்துக்குப் பிறகுதான் தொடங்கினார்கள், சிலர் இன்னும் வெகு தாமதமாக. சைகை மொழி பேசும் கேளாத பெற்றோருக்குப் பிறந்த கேளாத குழந்தைகள் அதே பருவத்தில் கைகளால் அசைக்கோவை செய்வதை லாரா பெட்டிட்டோவும் பாவ்லா மாரன்டெட்டும் 1991இல் பதிவு செய்தார்கள். எந்த வழியாக மொழி வந்து சேர்கிறதோ அந்த வழியாகவே குழந்தை பயிற்சி எடுக்கிறது.

பயிற்சிக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும் என்பதும் தெளிவாகியிருக்கிறது. மைக்கேல் கோல்ட்ஸ்டீன் குழுவினர் 2003இல் செய்த சோதனையில், எட்டு மாதக் குழந்தை ஏதாவது ஒலி எழுப்பிய உடனே தாய் சிரித்து, நெருங்கி, தொட்டுக் கொஞ்சினால் அடுத்தடுத்து வரும் ஒலிகள் பேச்சுக்கு இன்னும் நெருக்கமாயின. அதே அளவு கொஞ்சலை, குழந்தையின் ஒலியோடு தொடர்பில்லாத நேரத்தில் கொடுத்தபோது அந்த மாற்றம் இல்லை. பெட்ரீஷியா குல் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மொழி கேட்க வைத்தார். நேரில் உட்கார்ந்து விளையாடியவரிடமிருந்து கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரிக்கக் கற்றார்கள். அதே பேச்சைத் தொலைக்காட்சியில் பார்த்த குழந்தைகள் எதுவும் கற்கவில்லை. கைபேசியில் பாட்டுப் போட்டுக் குழந்தையின் முன்னால் வைத்துவிட்டால் பேச்சு தானாக வந்துவிடும் என்று நம்பும் வீடுகள் இந்த முடிவை அவசியம் அறிந்துகொள்ள வேண்டும்.

காது நாக்குக்குக் கற்றுக்கொடுப்பதைப்போலவே நாக்கும் காதுக்கு உதவுகிறது. அலிசன் ப்ரூடரர், வெர்க்கர் முதலியோர் 2015இல் செய்த ஆய்வு இதைக் காட்டுகிறது. மறுபடியும் அதே வகையான த, ட வேறுபாடு. மறுபடியும் ஆங்கில வீட்டின் ஆறு மாதக் குழந்தைகள். இம்முறை சில குழந்தைகளின் வாயில், நுனிநாக்கு அசைய முடியாதபடி தட்டையான பல்கடிப்பானை வைத்தார்கள். அந்தக் குழந்தைகளால் இரண்டு ஒலிகளையும் பிரிக்க முடியவில்லை. நாக்கைத் தடுக்காத வேறு வடிவப் பல்கடிப்பானை வைத்தபோது பிரிக்க முடிந்தது. த, ட இரண்டையும் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்லியிராத குழந்தைக்கு, அவற்றைக் கேட்கும்போதே நாக்கும் விழித்துக்கொள்கிறது.

ஒரு வயதை ஒட்டிச் சொற்கள் வருகின்றன. ஆரம்பத்தில் அவை ஒரு நிலையில் நிற்பதில்லை. சார்லஸ் ஃபெர்குசனும் கேரல் ஃபார்வெல்லும் 1975இல் வெளியிட்ட கட்டுரையில் ஒன்றேகால் வயதுப் பெண் குழந்தை ஒன்று வருகிறது. ஆங்கிலத்தின் 'பென்' என்ற சின்னஞ்சிறு சொல்லை அது அரை மணி நேரத்துக்குள் பத்து விதமாகச் சொல்லியது. ஒரு தடவை முதலில் மூக்கொலி, ஒரு தடவை உதட்டொலி, ஒரு தடவை இரண்டும் கலந்து. அந்தச் சொல்லில் உதடு மூட வேண்டும், நுனிநாக்கு தொட வேண்டும், மூக்கு வழி திறக்க வேண்டும் என்ற மூன்றும் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. எதை எப்போது செய்வது என்ற வரிசைதான் கைவரவில்லை.

இன்னொரு பதிவு இதைவிட வியப்பானது. மொழியியலாளர் வெர்னர் லியோபோல்ட் தம் மகள் ஹில்டகார்டின் பேச்சை நான்கு தொகுதிகளாக எழுதினார். பத்து மாதத்தில் அந்தக் குழந்தை 'ப்ரிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லைக் கிட்டத்தட்டப் பெரியவர்களைப் போலவே சொல்லியது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து அதையே 'பிடி' என்று சொல்ல ஆரம்பித்தது. மேலோட்டமாகப் பார்த்தால் பின்னடைவு. உண்மையில், முதலில் அது ஒரு முழுச் சொல்லைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்தது. பிறகு தனக்கென ஓர் ஒலி ஒழுங்கை அமைத்துக்கொண்டதும் எல்லாச் சொற்களையும் அந்த ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. மெய்கள் அடுத்தடுத்து நிற்பதற்கு அந்த ஒழுங்கில் அப்போது இடமில்லை.

பிழை ஒழுங்கானது என்பதற்கு இங்கிலாந்தின் நீல் ஸ்மித் 1973இல் வெளியிட்ட நூல் மிகச் சிறந்த சான்று. அவருடைய மகன், தேங்கிய நீரைக் குறிக்கும் 'படில்' என்ற ஆங்கிலச் சொல்லைப் 'பகில்' என்று சொன்னான். சரி, 'படில்' என்று சொல்ல அவன் நாக்குக்கு வரவில்லை என்று நினைக்கலாம். ஆனால் புதிரைக் குறிக்கும் 'பஸில்' என்பதை அவன் 'படில்' என்றே தெளிவாகச் சொன்னான். நாக்குக்கு அந்த ஒலி வரும். அவனுடைய விதி 'ஸ'வை 'ட' ஆக்கியது, 'ல'வுக்கு முன்னால் உள்ள 'ட'வைக் 'க' ஆக்கியது.

குழந்தை தன் பிழையைத் தானே அறியும் என்பதற்கு ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரவுனும் 1960இல் எழுதிய நிகழ்ச்சி ஒன்று பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது. ஒரு சிறுவன் தன் பிளாஸ்டிக் மீனை 'ஃபிஸ்' என்றான். எதிரே இருந்தவர் அவனைப் போலவே 'ஃபிஸ்' என்று சொல்லிக் கேட்டபோது, அது இல்லை என்று மறுத்தான். பலமுறை மறுத்த பிறகு அவர் 'ஃபிஷ்' என்றதும் ஒப்புக்கொண்டான், அப்போதும் தன் வாயால் 'ஃபிஸ்' என்றே சொல்லி. 1980இல் மார்லிஸ் மேக்கனும் டேவிட் பார்ட்டனும் கருவிகளைக் கொண்டு அளந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பெரியவர்கள் காதுக்கு ஒன்றாகவே கேட்கும் இரண்டு ஒலிகளைச் சில குழந்தைகள் சில மில்லி விநாடி வேறுபாட்டோடு தனித்தனியாகவே சொல்லிவந்தார்கள். அங்கே தவறியது கேட்ட பெரியவர்களின் காதுதான்.

தமிழ் வீடுகளிலும் இந்த ஒழுங்கைக் கேட்கலாம். 'காக்கா' 'தாத்தா' ஆகும் குழந்தைக்குத் 'தக்காளி' 'தத்தாளி' ஆகும். நாக்கின் பின்பகுதியால் சொல்லும் ஒலி எங்கே வந்தாலும் அதைக் குழந்தை முன்பகுதிக்கு நகர்த்தும். வேறு சில குழந்தைகளுக்குக் 'குரங்கு' 'குங்கு' ஆகும், நடு அசை விழுந்துவிடும். 'மரம்' 'மலம்' ஆகும், 'ஸ்கூல்' 'கூலு' ஆகும். ஒரு குழந்தையின் பேச்சை ஒரு வாரம் எழுதிவைத்துப் பார்த்தாலே எது எதுவாக மாறுகிறது என்ற பட்டியல் நாலைந்து வரிக்குள் அடங்கிவிடும்.

எந்த ஒலி எந்த வயதில் வரும்? ஆஸ்திரேலியாவின் ஷரின் மெக்லியாடும் கேத்ரின் குரோவும் 2018இல் 31 நாடுகளில் 27 மொழிகளில் நடந்த 64 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். 26,000 குழந்தைகளுக்கு மேல். பெரும்பாலான மெய்யொலிகள் ஐந்து வயதுக்குள் வந்துவிடுகின்றன. ப, த, க போன்ற அடைப்பொலிகளும் ம, ந போன்ற மூக்கொலிகளும் முதலில். ஸ, ஷ போன்ற உரசொலிகளும் நாக்கு அதிரும் ர வகைகளும் கடைசியில். உரசொலிக்கு நாக்கை மிகக் குறுகிய இடைவெளியில் அசையாமல் நிறுத்தி அதன் வழியே காற்றைச் செலுத்த வேண்டும். அதிரும் 'ற'வுக்கு நுனிநாக்கை இறுக்கமும் தளர்வும் சரியான அளவில் கலந்து பிடித்தால்தான் காற்று அதை அதிரவைக்கும். கொஞ்சம் இறுகினாலும் 'ட' ஆகிவிடும், கொஞ்சம் தளர்ந்தாலும் 'ய' ஆகிவிடும்.

கடினம் மட்டுமே வரிசையைத் தீர்மானிப்பதில்லை. யாகப்சன் 1941இல், ஒலிகள் வரும் வரிசை உலகெங்கும் ஒன்றே என்று வாதிட்டார். குவாத்தமாலாவின் மாயா மொழிகளில் ஒன்றான கிச்சே பேசும் குழந்தைகளை ஆராய்ந்த கிளிஃப்டன் பையும் சகாக்களும் 1987இல் அதற்கு மறுப்புக் கொடுத்தார்கள். ஆங்கிலக் குழந்தைகளுக்குத் தாமதமாக வரும் 'ச்ச', 'ல' இரண்டும் கிச்சே குழந்தைகளுக்கு ஆரம்பத்திலேயே வந்துவிடுகின்றன. அந்த மொழியில் அவை ஏராளமான சொற்களைப் பிரித்துக் காட்டும் வேலையைச் செய்கின்றன. எந்த ஒலிக்கு வேலை அதிகமோ அதைக் குழந்தை முதலில் பிடித்துக்கொள்கிறது.

தமிழில் பெற்றோரை மிகவும் கவலைப்படுத்துவது 'ழ'. நுனிநாக்கை மேலே வளைத்து, அண்ணத்தைத் தொடாமல் நிறுத்த வேண்டும். எங்கும் தொடாததால் சரியான இடத்தில் இருக்கிறோமா என்று நாக்குக்குத் தெரிய வழியில்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியல் ர, ழ இரண்டையும் ஒரே இனமாக வைத்து, நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும் ஒலிகள் என்று விளக்குகிறது. இரண்டும் குழந்தைக்குப் பிந்தி வருவதில் வியப்பில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழகத்தின் பல பகுதிகளில் பெரியவர்களே 'பளம்' என்றோ 'பயம்' என்றோதான் பேசுகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டுக் குழந்தை 'பளம்' என்றால் அது தன் வீட்டு மொழியைச் சரியாகக் கற்றிருக்கிறது என்றே பொருள். 'ழ'வைப் பள்ளியில் பிறகு கற்றுக்கொள்ளலாம். அது பேச்சுக் குறைபாடு ஆகாது.

உண்மையாகவே கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. பத்து, பதினொரு மாதமாகியும் 'பபபா', 'மமமா' வரவில்லை என்றால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டு பேர் குறிப்பிடத்தக்க கேட்கும் குறையோடு பிறக்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. தூங்கும் குழந்தையின் காதில் சிறிய கருவியை வைத்துச் சில நிமிடங்களில் முதல்கட்டச் சோதனையை முடித்துவிடலாம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் சிறு குழந்தைகளுக்குச் செவிக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட் அறுவைச் சிகிச்சையே செய்யப்படுகிறது. இருந்தும் 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று காத்திருந்து பொன்னான மாதங்களை இழக்கும் குடும்பங்கள் உண்டு. வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்ப்பதும், நாக்கின் அடிச்சதையை அறுத்துவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று நம்புவதும் கேட்காத காதுக்கு எந்த வகையிலும் உதவாது.

கேட்கும் திறன் சரியாக இருந்து, மூன்று வயதிலும் வெளியாட்களுக்குப் பேச்சு பெரும்பாலும் விளங்கவில்லை என்றாலோ, ஐந்து வயதுக்கு மேலும் பல ஒலிகள் மாறியே வந்தாலோ பேச்சுப் பயிற்சியாளரைப் பார்ப்பது நல்லது. வீட்டில் செய்யக்கூடியது எளிது. குழந்தை 'லயிலு' என்றால் பெரியவரும் 'லயிலு' என்று கொஞ்சவும் வேண்டாம், 'ர சொல்லு, ர சொல்லு' என்று நெருக்கவும் வேண்டாம். 'ஆமா, ரயில் போகுது பாரு' என்று சரியான ஒலியை இயல்பான பேச்சிலேயே திருப்பிக் கொடுத்தால் போதும்.

பயிற்சியாளர்கள் கையாளும் ஒரு முறை, இத்தனை ஆண்டு ஆய்வுகள் சொன்னதை அப்படியே பயன்படுத்திக்கொள்கிறது. 'க'வைத் 'த' ஆக்கும் குழந்தையின் முன்னால் காய் படம் ஒன்றும் தாய் படம் ஒன்றும் வைக்கிறார்கள். இப்போது குழந்தைதான் வாத்தியார். அது கேட்பதைப் பயிற்சியாளர் எடுத்துக் கொடுக்க வேண்டும். காய் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு குழந்தை 'தாய்' என்கிறது. பயிற்சியாளர் தாய் படத்தைக் கொடுக்கிறார். குழந்தை தலையை ஆட்டி மறுக்கிறது, மறுபடி கேட்கிறது, மறுபடியும் தாய் படமே வருகிறது. இரண்டு சொல்லும் வெவ்வேறு என்று அதன் காதுக்கு முன்பே தெரியும். தன் வாயிலிருந்து இரண்டும் ஒன்றாகவே வருகின்றன என்பது இந்த விளையாட்டில்தான் பிடிபடுகிறது. அப்போது நாக்கின் பின்பகுதியை எங்கே வைக்க வேண்டும் என்று பயிற்சியாளர் கண்ணாடியில் காட்டுவார். சில வாரங்களில் காய் படம் குழந்தையின் கைக்கு வந்துவிடும்.